இரண்டணா மீரா

1952 அக்டோபர் 1 அன்று இந்திய அஞ்சல்துறை ஞானியர், கவிஞர் வரிசையில் ஆறு அஞ்சல்தலைகளை வெளியிட்டது. கபீர், துளசிதாசர், சூர்தாசர், காலிப், தாகூர் ஆகியோருக்கு நடுவே ஒரே பெண் மீரா. விலை இரண்டணா.

பதினாறாம் நூற்றாண்டில் மேவார் அரச குடும்பத்து மருமகள். கணவன் இறந்தபின் மூலையில் ஒடுங்க மறுத்து, ஊரறியப் பாடினாள். தோல் வேலை செய்யும் சாதியில் பிறந்த ரவிதாசரைக் குருவாக ஏற்றாள் என்கிறது மரபு. ராஜபுத்திரர்களிடையே அவள் பெயரே வசைச்சொல்லானதையும், ஒடுக்கப்பட்ட உழைக்கும் மக்கள் அவள் பாட்டைத் தம்முடையதாக்கிக் கொண்டதையும் ஆய்வாளர் பரிதா முக்தா எழுதியிருக்கிறார்.

நமக்கோ 1945இல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் முகத்தோடு வந்தாள் மீரா. பக்தி என்று சொல்லித்தான் அவளுடைய மீறலை மன்னித்தோம். கண்ணன் பெயரைச் சொல்லாமல், தன் விருப்பத்துக்காக மட்டுமே வாசலைத் தாண்டும் பெண்ணுக்கு அந்த மன்னிப்பு இன்னும் கிடைக்கவில்லை.