பாடு முறையும் நஞ்சின் கணக்கும்

டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அங்கே வெடிமருந்து ஆலையும் நடத்தினார்கள். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்த்து அரைத்த மருந்து டச்சுக்காரர்களின் ஆசியத் தலைமையிடமான பத்தேவியா வரை கப்பலேறியது. வரலாற்றில் நிலைத்தது மருந்தின் பேர்தான், அந்தத் தூளை மூச்சில் இழுத்தபடி அரைத்தவர்களின் பேர் அல்ல. அதே நூற்றாண்டு முடிந்த 1700இல், இத்தாலிய மருத்துவர் ராமாசினி தொழில்நோய்கள் குறித்த தம் நூலில், நோயாளியிடம் 'என்ன தொழில் செய்கிறாய்' என்று கேட்கச் சொன்னார். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் அந்தக் கேள்வியை இன்னும் யாரும் முறையாகக் கேட்கவில்லை என்பதே என் வாதம்.

போபால் விஷவாயு விபத்துக்குப் பின் 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. வேலையிடக் காற்றில் எந்த நச்சு எவ்வளவு இருக்கலாம் என்று எட்டு மணி நேரச் சராசரியில் வரம்பு வகுத்தது அந்தத் திருத்தம். ஆனால் அந்த வரம்பு ஆலையின் வாசலோடு நின்றுவிடுகிறது. வடசென்னை அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொசஸ்தலையாற்றில் கலந்தால், அந்த நீரில் நிற்பவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியே இல்லை. கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் எண்ணூரையும் பழவேற்காட்டையும் ஒரே நீராகக் கோத்திருக்கின்றன.

மீனவருக்கு நிலையான வேலையிடமும் நேரமும் கிடையாது, அவர்மேல் படும் நஞ்சை எப்படி அளப்பது என்பார்கள். பழவேற்காட்டைப் பொறுத்தவரை இது சரியல்ல. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஊர்களின் பட்டினவர் மீனவர்களிடம் தலைமுறைகளாகப் பாடு முறை இருக்கிறது. எந்த நாளில், எந்தப் பாட்டில், அதாவது எந்த மீன்பிடி இடத்தில், யார் வலை கட்டுவது என்பதை ஊரே முறைவைத்துத் தீர்மானிக்கிறது. யார் எந்த நீரில் எத்தனை நாள் நின்றார் என்ற அடிப்படைக் கணக்கு அதிலேயே கிடைக்கும். தொழில்கள் ஒரு பக்கம், நச்சுகள் மறு பக்கம் என்று ஆய்வாளர்கள் போடும் அட்டவணைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எது?

ஆனால் பாடு முறைக்குள் வராதவர்கள்தான் நஞ்சுக்கு மிக அருகில் இருக்கிறார்கள். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களைப் பாருங்கள். நீரில் அமிழ்ந்து, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி, பறி என்னும் ஓலைக் கூடையைப் பல்லில் கடித்தபடி நகர்கிறார்கள். பிடித்த இறால் நேரே பறிக்குள் போகிறது. படகில் நின்று வலை இழுப்பவருக்குக் கையும் காலும் நனையும். இவர்களுக்கோ தோல், நகக்கண், வாய் எல்லாமே அந்தச் சேற்றில்தான். சாம்பலில் உள்ள ஆர்செனிக்கும் ஈயமும் தங்குமிடம் அதுவே. காற்றை மட்டும் அளக்கும் கருவி இவர்களைப் பற்றி எதுவும் சொல்லாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் பரவியபோது, அதை அள்ளும் வேலையும் மீனவர் தலையில் விழுந்தது. தொடக்க நாட்களில் பலர் குவளையாலும் வாளியாலும் வெறுங்கையாலும் அள்ளினார்கள். கச்சா எண்ணெயின் பென்சீன் சீக்கிரம் ஆவியாகிவிடும். மாதம் கழித்து வரும் சோதனைக்கு அது அகப்படாது.

நஞ்சு என்று எழுதினால் மீன் விலைபோகாதே என்று குப்பத்தில் சொல்வதை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். எண்ணெய்க் கசிவுக்குப் பின் மீன் தேங்கியது உண்மை. ஆனால் மீனைச் சோதிப்பது வேறு, பிடிப்பவரின் உடம்பைச் சோதிப்பது வேறு. பின்னதை மருத்துவமனைக் குறிப்பேட்டிலேயே தொடங்கலாம். பழவேற்காட்டுப் பகுதி மருத்துவர்களே, சீட்டு எழுதும்போது ஒரு வரி கூடுதலாகக் கேளுங்கள்: வலையா, பறியா, எந்த நீரில், எத்தனை வருடமாக?