சி ட்ரைவ் நிறைந்தால் எதை அழிப்பது, எதைத் தொடாமல் விடுவது?

செய்திக்காக நான் செல்லும் வீடுகளில், குறிப்பாகக் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களிடமும் காணி விடுவிப்புக்காகக் காத்திருப்போரிடமும், ஒரு ஆவணப் பை கட்டாயம் இருக்கும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழு கொடுத்த பதிவு இலக்கம், செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதம், 2013இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவுக்குக் கொடுத்த விண்ணப்பம், காணி உறுதி. 2009இல் வன்னியிலிருந்து வெளியேறும்போது வேறெதையும் எடுக்க முடியாமல் இந்தப் பையை மட்டும் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். இப்போது பிள்ளைகள் இவற்றை ஸ்கான் செய்து மடிக்கணினியில் வைத்திருக்கிறார்கள். நல்ல விடயம்தான். ஆனால், சி ட்ரைவ் நிறைந்து சிவப்புக் கோடு காட்டும்போது முதலில் அழிக்கப்படுவதும் பெரும்பாலும் இந்தப் படங்கள்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஏ4 தாளை 300 டிபிஐ அளவில் ஸ்கான் செய்து ஜேபெக் கோப்பாகச் சேமித்தால் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு எம்பி வரும். 500 பக்கங்கள் என்றாலும் ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும். அதே கணினியில் ஹைபர்னேட் வசதிக்காக விண்டோஸ் ஒதுக்கி வைக்கும் ஒரே ஒரு மறைகோப்பு, நினைவகத்தின் 40 வீதமளவு இடத்தைப் பிடிக்கிறது. 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் அது 3 ஜிபிக்கு மேல். அதாவது, குடும்பத்தின் முழு ஆவணத்தையும் அழித்துப் பெறும் இடத்தைவிட அந்த ஒரு கோப்பை நீக்கிப் பெறும் இடம் அதிகம். கமாண்ட் ப்ரொம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லோடு இடைவெளி விடாமல் சி, எஃப், ஜி எழுத்துகளையும், பின்னர் இடைவெளி விட்டு ஒரு சாய்கோடும் எச்சும், மீண்டும் இடைவெளி விட்டு ஓஃப் என்றும் தட்டினால் அது போய்விடும். ஹைபர்னேட்டும் அதைச் சார்ந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் இல்லாமல் போகும், அவ்வளவுதான்.

அடுத்து செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ். எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அங்கே தெரியும். டெம்பரரி ஃபைல்ஸ் பகுதியில் விண்டோஸ் அப்டேட்டின் மிச்சங்களையும் தற்காலிகக் கோப்புகளையும் யோசிக்காமல் நீக்கலாம். ஆனால், அதே பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு பெட்டி இருக்கும். அதில் சரி அடையாளம் இடவேண்டாம். சட்டத்தரணியோ அமைப்புகளோ மின்னஞ்சலில் அனுப்பியவை, நீங்கள் தரவிறக்கிய பிறகு பொதுவாக அங்கேதான் கிடக்கும். முந்தைய விண்டோஸ் பதிப்பு என்ற உருப்படி பல ஜிபி தரும். அதையும் அழிக்கலாம், ஆனால், சி ட்ரைவில் விண்டோஸ் ஓல்ட் என்ற கோப்புறையைத் திறந்து, அதற்குள் யூசர்ஸ் பகுதியைப் பார்த்த பிறகு. ஃபோர்மட் செய்யாமல் புதிய விண்டோஸ் போட்டிருந்தால், பழைய டெஸ்க்டொப் முழுவதும் அங்கேதான் இருக்கும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: டெஸ்க்டொப், டொகியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமே சி ட்ரைவில்தான் இருக்கின்றன. கடைக்காரர் சி ட்ரைவை ஃபோர்மட் செய்தால் அவையும் போய்விடும். "டி ட்ரைவில் கை வைக்கவில்லை" என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். கணினியைத் திருத்தக் கொடுக்குமுன் ஆவணங்களை வெளியே எடுத்துவிடுங்கள். சாட்சியங்களும் அடையாள அட்டைப் பிரதிகளும் உள்ள கணினியை அப்படியே பிறர் கையில் கொடுப்பது வேறு காரணங்களுக்காகவும் நல்லதல்ல. அந்தக் காரணங்களை இந்தத் தளத்தின் வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வெளி ஹாட் டிஸ்க்குக்கோ டி ட்ரைவுக்கோ மாற்றும்போது கட் செய்ய வேண்டாம், கொப்பி செய்யுங்கள். முடிந்ததும் இரண்டு கோப்புறைகளின் ப்ரொப்பர்ட்டீஸையும் திறந்து கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒன்றா என்று பாருங்கள். சில கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். அதன் பிறகே சி ட்ரைவில் உள்ளதை நீக்கலாம். பழைய சுழலும் ஹாட் டிஸ்க்கில் அழிந்ததை மீட்க ஓரளவு வாய்ப்பிருந்தது. இப்போதைய எஸ்எஸ்டியில் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தால், அநேகமாக அத்தோடு சரி.

ஒன்ட்ரைவ் வைத்திருப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கணினியில் உள்ள ஒன்ட்ரைவ் கோப்புறையில் ஒன்றை அழித்தால் இணையத்தில் உள்ளதும் அழியும். இடம்தான் தேவையென்றால், கோப்பின் மேல் வலது கிளிக் செய்து வரும் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். கோப்பு இணையத்தில் இருக்கும். கணினியில் பெயர் மட்டும் தெரியும். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. மேலே சொன்ன கணக்கின்படி ஆவணங்களுக்கு அது போதும், வீடியோக்களுக்குப் போதாது.

வெளிநாட்டில் உள்ள உறவினருக்கு ஒரு பிரதி அனுப்பி வைப்பது நல்ல ஏற்பாடு. வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் போட்டோவாக அனுப்பாமல் டொகியுமென்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு, எடுத்த திகதி, இடம் போன்ற உட்தகவல்களும் நீங்கிவிடும். போராட்டத்தில் எடுத்த படத்துக்கோ சேதமான வீட்டின் படத்துக்கோ அந்தத் திகதிதான் பெறுமதி.

பென் ட்ரைவை மட்டும் நம்பி வைத்துவிடாதீர்கள். வருடக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்தால் அது வாசிக்க முடியாமல் போகலாம். ஸ்கான் செய்தாயிற்று என்று கடதாசியையும் எறிந்துவிட வேண்டாம். அலுவலகங்களில் இன்னமும் மூலப் பிரதியைத்தான் கேட்கிறார்கள்.