இருப்புப்பாதை அமைத்த போர்வீரர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பழைய கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்களில் கேடய வடிவம் செதுக்கிய வெள்ளைக் கற்கள் சிலவற்றைக் காணலாம். ஒரு பெயரும், அவர் பணிபுரிந்த படைப்பிரிவும் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும். உள்நாட்டுப் போரில் வட மாகாணங்களின் பக்கம் நின்றவர்களுக்கு அந்நாட்டுச் சர்க்கார் அளித்த கற்கள் அவை. அவற்றின் கீழ்த் துயில்வோரில், போருக்குப் பின் ரயில் பாதையில் உழைத்து ஓய்ந்தவர்களும் உண்டு. அச்செய்தியைக் கல் சொல்வதில்லை. ஆகவே அவர்கள் வாழ்வைச் சிறிது நோக்குவோம்.

1845-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிற்று. ஏழைக் குடியானவருக்கு அதுவே உணவு. சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அத்தனை பேர் கப்பலேறினர். அமெரிக்காவில் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மண்வெட்டி வேலையே. அவர்களுடைய கத்தோலிக்க மதத்தை ஐயத்துடன் நோக்கியோரும் அங்கு இருந்தனர். ஆயினும் 1861-இல் மூண்ட போரில், அயர்லாந்தில் பிறந்த சுமார் 1,50,000 பேர் வட படையில் பணியாற்றினர். 1862 டிசம்பர் 13 அன்று பிரெடரிக்ஸ்பர்க் களத்தில் ஐரிஷ் படைப்பிரிவின் ஏறத்தாழ 1,200 பேரில் 500-க்கு மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். 1863 ஜூலை 2 அன்று கெட்டிஸ்பர்க்கில், எஞ்சியவர்கள் களம் புகுமுன், வில்லியம் கார்பி என்னும் குருவானவர் பாறைமீது ஏறி நின்று, மண்டியிட்ட வீரர் அனைவருக்கும் பாவமன்னிப்பு அளித்தார்.

1865-இல் போர் ஓய்ந்தது. துப்பாக்கியை வைத்தவர்கள் பிழைப்பைத் தேடினர். அச்சமயம் ஒமாஹா நகரிலிருந்து மேற்கு நோக்கி யூனியன் பசிபிக் பாதை புறப்பட்டது. அதன் தலைமை எஞ்சினியர் டாட்ஜும், தண்டவாளம் இடும் பணியை ஏற்ற கேஸ்மென்ட்டும் முன்னாள் படைத்தலைவர்கள். கூலியாட்களில் ஐரிஷ்காரரே மிகுதி. அவர்களிற் பலர் பழைய சிப்பாய்கள். வேலை இராணுவ ஒழுங்கில் நடந்தது. ஒரு தண்டவாளத்தின் எடை சுமார் 500 இராத்தல். மைலுக்கு ஏறத்தாழ 400 தண்டவாளம்; ஒவ்வொன்றுக்கும் 10 ஆணி; ஓர் ஆணிக்கு மூன்று சம்மட்டி அடி. அதாவது மைல் ஒன்றுக்கு 12,000 அடிகள்! இவ்வாறு 1,086 மைல் சென்றது பாதை. அப்பாதை தங்கள் நிலத்தைப் பறிப்பதைக் கண்டு எதிர்த்த பழங்குடியினரின் துயரம் இச்சரித்திரத்தின் மற்றொரு பக்கம். மேற்கிலிருந்து எதிர்வந்த பாதையை அமைத்தவர்களிற் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்.

1869 மே 10 அன்று யூட்டா பிரதேசத்தில் இரு பாதைகளும் இணைந்தன. தங்க ஆணி கொண்டு விழா நடந்தது. அதற்குச் சில நாட்கள் முன்னரே, வராத கூலியைக் கேட்டு, கம்பெனியின் உபதலைவர் டுராண்ட் வந்த வண்டியைத் தொழிலாளர் பீட்மாண்ட்டில் மறித்து நிறுத்தினர். தங்க ஆணிக்குப் பொருளிருந்தது, கூலிக்கு இல்லை.

பிற்காலம் எப்படி? விழா முடிந்ததும் ஆட்கள் சிதறினர். முதுகும் மூட்டும் தேய்ந்தவருக்குக் கம்பெனி கடமைப்பட்டதில்லை. 1890-ஆம் ஆண்டுச் சட்டம்தான் கைகொடுத்தது. போர்க்காலத்தில் 90 நாட்கள் சேவை செய்து கண்ணியமாக விடுவிக்கப்பட்டவர், உடலுழைப்புக்கு இயலாதவராயின், மாதம் 6 முதல் 12 டாலர் வரை பெறலாம் என்றது அது. இயலாமை போரில் நேர்ந்திருக்க வேண்டுமென்பதில்லை. ஆதலால் தண்டவாளம் சுமந்து ஒடிந்த முதுகுக்கும், சிப்பாய் என்ற பெயரில்தான் சகாயம் கிடைத்தது. ரயில்வே தொழிலாளருக்கென நாடு தழுவிய ஓய்வூதியம் 1930-களில்தான் வந்தது. அதற்குள் அத்தலைமுறை மறைந்துவிட்டது.

அடையாளமற்ற கல்லறைகளில் கிடந்த வீரர்களுக்குக் கல் நாட்ட 1879-இல் சட்டம் பிறந்தது. அதனால்தான் அவர்களிற் சிலருடைய பெயராவது நிற்கிறது. நாட்டைக் காத்த சில மாதங்களை அக்கல் சொல்லும். நாட்டை இணைத்த ஆண்டுகளை நாம்தாம் நினைவுகூர வேண்டும்.