தொண்டு என்றொரு பெயர்

தொண்டு என்ற சொல்லுக்குத் தமிழ் அகராதிகள் சேவை என்று மட்டும் பொருள் சொல்வதில்லை. அடிமைத்தனம் என்றும் சொல்கின்றன. அங்கன்வாடிப் பெண்களின் வரலாற்றில் இந்த இரண்டு பொருளும் சேர்ந்தே வருகின்றன.

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியது. குழந்தைகளுக்குச் சத்துணவு தருவது, எடை பார்ப்பது, தடுப்பூசிக்கு அழைத்துவருவது, கர்ப்பிணிகளின் வீடு தேடிச் செல்வது, பதிவேடு எழுதுவது என எல்லாம் உள்ளூர்ப் பெண்ணின் பொறுப்பு. அவருக்கு அரசு வைத்த பெயர் ‘கௌரவப் பணியாளர்’. பெறுவது சம்பளமன்று, மதிப்பூதியம். பிள்ளை வளர்ப்பது பெண்ணின் இயல்பு, அதற்கெதற்குக் கூலி என்ற பழைய எண்ணம்தான் இந்தப் பெயருக்குள் இருக்கிறது.

வேலை போகும்போதுதான் இந்தப் பெயரின் விலை தெரிகிறது. அரசுப் பதவியில் இருப்பவரைப் பொதுவாக விசாரணையின்றி நீக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 311ஆவது பிரிவு. அங்கன்வாடிப் பணியாளர் அத்தகைய பதவியில் இல்லை என்று கர்நாடக வழக்கொன்றில் 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் தேர்தலில் போட்டியிடலாம் என்பதும் அத்தீர்ப்பில் சுட்டப்பட்டது.

2022இல் டெல்லி அங்கன்வாடிப் பெண்கள் ஊதிய உயர்வு கேட்டு ஜனவரி 31 முதல் வேலைநிறுத்தம் செய்தார்கள். மார்ச் 9 அன்று எஸ்மா சட்டம் பாய்ந்தது. 884 பேர் நீக்கப்பட்டார்கள். பாதுகாப்புக் கேட்டால் நீ ஊழியரல்ல, தொண்டர். வேலையை நிறுத்தினால் உன் பணி அத்தியாவசியப் பணி. ஒரே பெண்ணுக்கு இரண்டு பெயர். இரண்டுமே அவளுக்கு எதிராகத்தான் பயன்பட்டன.

அதே ஆண்டு ஏப்ரல் 25 அன்று, குஜராத்தைச் சேர்ந்த பெண்களின் வழக்கில், அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடை உண்டு என்றது உச்ச நீதிமன்றம். மதிப்பூதியம் என்று அழைத்தாலும் அது ஊதியமே என்றும் சொன்னது. பெரிய வெற்றிதான். ஆனால் பணிக்கொடை வேலையை விட்டுப் போகும்போது கைக்கு வருவது. வேலையில் இருப்பவளைக் காப்பது அல்ல.

குழந்தையின் முட்டையைத் திருடுபவரை நீக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. குற்றத்தை எழுத்தில் கொடு, பதிலைக் கேள், பிறகு முடிவெடு. அலுவலகத்தில் கோப்பு தூக்குபவருக்குக் கிடைக்கும் இந்த மரியாதையை, ஊரின் பிள்ளைகளைத் தூக்கி வளர்ப்பவளுக்கு மறுக்க என்ன காரணம்?