நட்டத்தில் ஓடும் பஸ் யாருடைய நட்டம்?

பொதுப் போக்குவரத்துக்கு அரசாங்கம் மேலும் பணம் செலவிட வேண்டுமா என்ற கேள்வி ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டக் காலத்திலும் எழுகின்றது. "இ.போ.ச. நட்டத்தில் ஓடுகின்றது" என்ற ஒரே வசனத்துடன் அது அடங்கியும் விடுகின்றது. அந்த நட்டம் எங்கிருந்து வந்தது, அதை யார் உண்டாக்கினார்கள், இன்று அதை யார் சுமக்கிறார்கள் என்பன பற்றி எவரும் பெரிதாகப் பேசுவதில்லை. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரத்தில் நின்று இவ்விடயத்தை நோக்கினால், கொழும்பிலிருந்து தெரியாத சில உண்மைகள் தெரியவரும். அதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது.

போக்குவரத்து இக்கரையோர முஸ்லிம்களுக்குப் புதிதான ஒன்றல்ல. அவர்களின் பூர்வீகத் தொழில்களில் அதுவும் ஒன்று. போர்த்துக்கேயரின் நெருக்குதலுக்கு உள்ளான முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626ஆம் ஆண்டளவில் மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியமர்த்தினான் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். உப்பையும் கருவாட்டையும் மாடுகளின் முதுகில் ஏற்றி, காடுகளைக் கடந்து மலைநாட்டுக்குக் கொண்டு சென்று, அங்கிருந்து பாக்கு முதலிய பண்டங்களைக் கரைக்குக் கொண்டுவந்த தவள வணிகத்தில் முஸ்லிம்கள் முன்னணியில் இருந்தனர். மறுபுறத்தில், மட்டக்களப்பு வாவியே தெற்கேயுள்ள ஊர்களின் பெருந்தெருவாக விளங்கியது. எழுவான்கரையையும் படுவான்கரையையும் தோணிகளே இணைத்தன. துறைநீலாவணை போன்ற பெயர்களில் அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. சம்பான்கள் வந்தடைந்த துறையே சம்பான்துறையாகிப் பின்னர் சம்மாந்துறையானது என்பது அவ்வூர் மக்களின் மரபு.

பிரித்தானியர் காலத்தில் வாவியின் இடத்தைத் தெரு பிடித்துக்கொண்டது. 1924இல் கட்டப்பட்டு, ஆளுநர் மனிங்கின் துணைவியாரின் பெயர் சூட்டப்பட்ட கல்லடிப் பாலம், கல்முனைப் பக்கத்து மக்களை மட்டக்களப்பு நகருடன் தரைவழியாக இணைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1928இல், புகையிரதம் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தது. வந்தது அங்கேயே நின்றுவிட்டது. கல்முனை அங்கிருந்து சுமார் 40 கிலோமீற்றர் தூரத்திலேயே உள்ளது. பாதையைக் கல்முனைக்கும் அதற்கப்பால் பொத்துவிலுக்கும் நீட்ட வேண்டும் என்ற கோரிக்கை பல தேர்தல் மேடைகளைக் கண்டிருக்கின்றது. ஆயினும் ஒரு நூற்றாண்டு நெருங்கும் இவ்வேளையிலும் தண்டவாளம் மட்டக்களப்பைத் தாண்டவில்லை. ஆகவே இக்கரையோரத்து மக்களுக்குப் பொதுப் போக்குவரத்து என்றால் பஸ் மட்டுமே.

சி.ரி.பி. பிறந்த கதை

ஆரம்ப காலத்தில் இலங்கையின் பஸ்கள் யாவும் தனியாருடையவை. ஒரே வீதியில் ஒருவரையொருவர் துரத்தி ஓடிய போட்டி கைகலப்புகளுக்கும் விபத்துகளுக்கும் வழிவகுத்தது. 1942ஆம் ஆண்டின் பஸ் சேவை அனுமதிச் சட்டம் ஒரு பாதையை ஒரு கம்பனிக்கு என ஒதுக்கி அப்போட்டியைக் கட்டுப்படுத்த முனைந்தது. போட்டி குறைந்தது. அதன் இடத்தில் தனியுரிமை வளர்ந்தது. ஆதாயம் தரும் பாதையில் வண்டிகள் ஓடின. ஆதாயமற்ற கிராமங்கள் காத்துக்கிடந்தன. இந்நிலையிலேயே எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் அரசாங்கம் 76 கம்பனிகளைத் தேசியமயப்படுத்தி, 1958 ஜனவரி 1ஆம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபையை ஆரம்பித்தது. மக்கள் அதைச் 'சி.ரி.பி.' என்றே அழைத்தனர். உச்ச நிலையில் சுமார் 7,000 பஸ்களும் 50,000க்கு மேற்பட்ட ஊழியர்களும் அதனிடம் இருந்தனர்.

சி.ரி.பி.யின் பொருளாதாரம் மிக எளிமையானது. கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் காலையில் நிரம்பி வழியும் பஸ்ஸின் வருமானம், வயல்களுக்கு அப்பாலுள்ள ஊர்களுக்குப் பாதி வெறுமையாகச் சென்று திரும்பும் பஸ்ஸின் செலவை ஈடுசெய்யும். நகரம் கிராமத்தைத் தாங்கும்; காலை நேரம் இரவு நேரத்தைத் தாங்கும். மாணவன் சலுகைக் கட்டணப் பருவச்சீட்டுடன் பாடசாலைக்குச் செல்வான். இலவசக் கல்வி என நாம் பெருமை பேசும் அந்தத் திட்டத்தின் சரிபாதி, பஸ்ஸின் ஏணிப்படியில்தான் இருந்தது. வகுப்பறை இலவசமாக இருந்து, அங்கு செல்வதற்கு வண்டி இல்லாவிட்டால் அக்கல்வி யாருக்கு இலவசம்?

இந்த ஏற்பாடு 1977க்குப் பிந்திய திறந்த பொருளாதாரத்தில் குலைந்தது. 1978இல் சபை பிராந்தியச் சபைகளாகப் பிரிக்கப்பட்டது. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது. அக்காலத்தில் போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் எம்.எச். முஹம்மத். சேவை பற்றாக்குறையாக இருந்ததும், மக்கள் தெருவோரங்களில் மணிக்கணக்கில் காத்துநின்றதும் உண்மையே. தனியார் வண்டிகள் அந்த நெருக்கடியைத் தணித்ததும் உண்மையே. ஆனால், நிரம்பி வழிந்த பாதைகள் தனியாரிடம் சென்றபோது, அவ்வருமானத்தில் தங்கியிருந்த வெறுமையான பாதைகள் அரச பஸ்ஸின் தலையில் எஞ்சின. பருவச்சீட்டும் அதன் தலையிலேயே இருந்தது. வரவைப் பிரித்தெடுத்துக் கொடுத்துவிட்டுச் செலவை மட்டும் வைத்துக்கொண்ட எந்தக் கடைக்காரன் இலாபம் காட்டியிருக்கிறான்? இ.போ.ச.வின் நட்டத்தில் ஒரு பெரும்பகுதி இவ்வாறு உருவாக்கப்பட்டதே.

மறுபகுதியையும் மறைக்கத் தேவையில்லை. டிப்போக்கள் அரசியல்வாதிகளின் தொழில் வழங்கும் நிலையங்களாக மாறின. பஸ் இல்லாத டிப்போவுக்குச் சாரதிகளும், சாரதி இல்லாத பஸ்ஸுக்குக் காரியாலய ஊழியர்களும் நியமிக்கப்பட்டனர். எமது பிரதேசத்து மக்கள் பிரதிநிதிகளும் இதற்கு விதிவிலக்கல்லர். 1990களின் தொடக்கத்தில் 'மக்கள்மயப்படுத்தல்' என்ற பெயரில் டிப்போக்கள் 90க்கும் மேற்பட்ட கம்பனிகளாக்கப்பட்டன. சில ஆண்டுகளில் அவை மீண்டும் ஒன்றிணைக்கப்பட்டு 11 கம்பனிகளாயின. 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கைப் போக்குவரத்துச் சபை மறுபடியும் பிறந்தது. பெயர்ப் பலகைகள் மாறிய அளவுக்கு வண்டிகள் மாறவில்லை.

தெருவும் பயமும்

கரையோரத்தின் கதையில் யுத்தத்தைத் தவிர்த்துச் செல்ல முடியாது. கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன. 1990 ஜூலை 12ஆம் திகதி இவ்வீதியில் காத்தான்குடி நோக்கிப் பயணித்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளால் வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். இதே கரையோரத்தில் தமிழ்ப் பயணிகளும் இறக்கப்பட்டு, சோதனைச் சாவடிகளுக்கு அப்பால் காணாமற்போயினர். பயணம் என்பதே உயிரைப் பணயம் வைப்பதாக இருந்த காலம் அது. அந்த அச்சத்தில் ஒவ்வொரு சமூகமும் தனது ஊருக்குள் ஒடுங்கியது. சந்தையும் வைத்தியசாலையும் பாடசாலையும் தனித்தனியாயின. சமாதானம் திரும்பியபோது மீண்டும் ஒன்றாக அமர்ந்து சென்ற இடங்களில் பஸ்ஸின் ஆசனமும் ஒன்று. மருதமுனைப் பெண்ணும் பாண்டிருப்புப் பெண்ணும் அருகருகே உட்கார்ந்து செல்லும் ஒரு பஸ்ஸின் பெறுமதியை எந்தக் கணக்காளரும் ஐந்தொகையில் எழுதுவதில்லை.

யுத்தத்துக்கு முன்பே இன்னொரு சுமையும் இம்மக்கள் மீது ஏற்றப்பட்டிருந்தது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் உருவானபோது, கச்சேரி உள்நாட்டிலுள்ள அம்பாறை நகரில் அமைந்தது. கரையோரத்துத் தமிழ் பேசும் மக்கள் மாவட்ட அலுவல் ஒவ்வொன்றுக்கும் காரைதீவுச் சந்தியில் திரும்பி, மாவடிப்பள்ளி, சம்மாந்துறை ஊடாக அங்கு செல்ல வேண்டியவர்களாயினர். கரையோர மாவட்டக் கோரிக்கையின் வேர்களில் ஒன்று இந்தப் பயணமே. கரையோர மாவட்டம், சாய்ந்தமருதுக்குத் தனியான நகர சபை, கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் என எல்லைகளைப் பற்றி நாம் ஆண்டுக்கணக்காக வாதிட்டு வந்திருக்கிறோம். அவற்றின் நியாயங்கள் வேறு. ஆனால் எல்லா எல்லைகளையும் கடந்து செல்லும் அந்தப் பஸ்ஸுக்காக ஒருவரும் உண்ணாவிரதம் இருந்ததில்லை.

கொங்கிரீட்டுக்குக் கிடைத்த பணம்

2009க்குப் பின்னர் கிழக்குக்குப் பணம் வரவில்லை என்று கூற முடியாது. வீதிகள் காப்பெற் இடப்பட்டன. ஜப்பானின் உதவியுடன் கட்டப்பட்ட புதிய கல்லடிப் பாலம் 2013இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் டென்மார்க்கின் நிதியுதவியுடன் அமைந்த ஒலுவில் துறைமுகமும் திறந்து வைக்கப்பட்டது. அத்துறைமுகத்தின் வாயிலை மணல் மூடியது. அயலிலுள்ள கரையைக் கடல் அரித்தது. காணிகளையும் தென்னைகளையும் இழந்த மக்கள் இன்னும் முறையிடுகின்றனர். அதற்குச் சற்றுத் தூரத்திலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ளது. நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் அங்கு வருகின்றனர். துறைமுகத்துக்குக் கொட்டிய பணத்தில் ஒரு துளி, அப்பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஒரு நம்பிக்கையான பஸ்ஸைத் தந்திருக்கும்.

இதன் காரணம் விளங்குவதற்குக் கடினமானதல்ல. பாலத்துக்கும் துறைமுகத்துக்கும் திறப்பு விழா உண்டு, நினைவுக்கல் உண்டு, ஒப்பந்தக்காரர் உண்டு. இரவு எட்டு மணிக்குப் புறப்படும் பஸ்ஸுக்கு இவை எதுவும் இல்லை. அதற்குத் தேவையானது ஆண்டுதோறும், நாள்தோறும் செலவாகும் டீசலும் சம்பளமும். வீதியை அமைப்பதை அபிவிருத்தி என்றும், அதில் பஸ் ஓட்டுவதை வீண்செலவு என்றும் பெயரிட்டிருக்கிறோம். வீதி என்பது போக்குவரத்து அல்ல. வாகனம் வைத்திருப்பவனுக்கே அது போக்குவரத்து.

வாகனம் வைத்திருப்பதும் பாதுகாப்பல்ல என்பதை 2022 உணர்த்தியது. அவ்வாண்டின் எரிபொருள் நெருக்கடியில் மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கரவண்டிகளும் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. தனியார் பஸ்கள் டீசலுக்கு இ.போ.ச. டிப்போக்களையே நாட வேண்டி வந்தது. ஆண்டின் தொடக்கத்தில் 17 ரூபாவாக இருந்த குறைந்தபட்சப் பஸ் கட்டணம் ஜூலை மாதத்தில் 40 ரூபாவானது. ஆசிரியைகளும், நெசவுத் தொழிலாளரும், வைத்தியசாலைச் சிற்றூழியரும் பஸ்ஸை நம்பியிருக்கும் ஊர்களில் அந்த ஏற்றம் சமையலறை வரை சென்றது.

2024 நவம்பர் 26ஆம் திகதி நடந்த துயரத்தையும் இங்கு குறிப்பிடாமல் விடமுடியாது. நிந்தவூரில் மத்ரஸாவில் கற்ற சம்மாந்துறைப் பிள்ளைகள், வெள்ளம் மேவிய காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியை உழவு இயந்திரப் பெட்டியில் கடக்க முயன்றபோது நீரில் அடித்துச் செல்லப்பட்டனர். பலர் திரும்பவில்லை. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. மாவட்டத் தலைநகருக்குச் செல்லும் வீதி மாரிதோறும் நீரில் மூழ்குவதும், அவ்வேளையில் பிள்ளைகளை வீடு சேர்ப்பதற்கு உழவு இயந்திரத்தை விட்டால் வேறு வழியில்லாதிருப்பதும் விதியின் குற்றமல்ல. பாதுகாப்பான பயணம் அரசின் கடமை என்று கருதப்படாமையின் விளைவே அது.

மற்றவர்கள் கற்ற பாடம்

அரசு செலவிட்டால் பணம் விரயமாகும், சந்தையிடம் விட்டுவிடுவதே மேல் என்போர் உளர். அவர்கள் பிரித்தானியாவைப் பார்க்க வேண்டும். 1985ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ், 1986இல் லண்டனுக்கு வெளியே பஸ் சேவைகள் சந்தையிடம் விடப்பட்டன. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின்னர், மன்செஸ்டர் பெருநகரம் 2023 செப்டெம்பரில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் தனது பஸ்களை மீண்டும் பொதுக் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவந்தது. அங்கும் வண்டிகளை ஓட்டுவோர் தனியார் கம்பனிகளே. பாதை, நேரம், கட்டணம் ஆகியவற்றை நகர நிர்வாகம் தீர்மானிக்கின்றது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கின்றனர். அதற்கான தொகையை மாநில அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு வழங்குகின்றது.

எமது நாட்டிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. மாணவர்களுக்கான 'சிசு செரிய', ஆதாயமற்ற கிராமப் பாதைகளுக்கான 'கெமி செரிய' ஆகிய சேவைகளுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் ஊடாக அரசாங்கம் மானியம் வழங்கி வந்துள்ளது. மானியம் பெறும் வண்டி தனியாருடையதாகவும் இருக்கலாம். ஆகவே அரசா, தனியாரா என்ற பழைய சண்டை அவசியமற்றது. இன்ன பாதையில், இன்ன நேரத்தில், இத்தனை வண்டிகள் ஓட வேண்டும் என அரசு தீர்மானித்து, அதற்குரிய பணத்தை வெளிப்படையாகச் செலுத்த வேண்டும். பஸ் ஓடினால் பணம், ஓடாவிட்டால் இல்லை. அப்போது 'நட்டம்' என்ற சொல் மறைந்து 'சேவையின் விலை' என்ற சொல் அங்கு வரும்.

எனவே அரசாங்கம் மேலும் செலவிட வேண்டுமா என்றால், ஆம் என்பதே எனது விடை. ஆனால் டிப்போவுக்கு இன்னும் நூறு நியமனங்கள் என்ற வகையிலான செலவல்ல. 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் கொழும்பு மாநகரப் பகுதிக்கென 100 நவீன பஸ்களை அறிவித்தது. அது நல்லதே. கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் எத்தனை என்று கேட்பது எமது பிரதிநிதிகளின் வேலை. பிராந்தியச் செய்திகளைப் பல ஆண்டுகள் செம்மையாக்கி வெளியிட்டவன் என்ற முறையில் ஒன்றைக் கூறலாம். "பஸ் இன்மையால் மாணவர் அவதி" என்ற தலைப்பு எந்த ஆட்சியிலும் ஓய்ந்ததில்லை. போக்குவரத்து அமைச்சின் செலவினங்கள் மீதான விவாதத்தில் எழுந்து நின்று, கல்முனை, அக்கரைப்பற்று டிப்போக்களில் ஓடக்கூடிய நிலையில் எத்தனை பஸ்கள் உள்ளன, ஒவ்வோர் ஊருக்கும் கடைசிப் பஸ் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, மாவடிப்பள்ளி வீதி எப்போது உயர்த்தப்படும் என்ற மூன்று கேள்விகளை மட்டும் ஓர் உறுப்பினர் கேட்கட்டும். அதற்கான விடைகளைப் பத்திரிகையில் வெளியிட நாங்கள் இருக்கிறோம்.