மெக்சிக்கோ மேடையில் கவிழ்ந்த தலைகள்

1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விளையாட்டு விழா என்றதும் பெரும்பாலானோரின் நினைவுக்கு வருவது கறுப்புக் கையுறையுடன் உயர்ந்து நின்ற இரு கரங்களேயாகும். அதே விழாவில், ஒன்பது நாட்கள் கழித்து, வேறொரு வெற்றி மேடையில் வேறொரு நாட்டின் தேசிய கீதம் ஒலித்தபோது ஒரு பெண்மணி தலையைக் கவிழ்த்து மறுபுறம் திருப்பிக் கொண்டார் என்பதை அறிந்தவர்கள் குறைவு. இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி, தேசிய கீதத்தை 'அவமதித்த' விளையாட்டு வீரர்களின் வரலாற்றைச் சரியாகப் புரிந்துகொள்ள முடியாது என்பது எனது அபிப்பிராயம்.

முதலாவது காட்சி ஒக்டோபர் 16ஆம் திகதிக்குரியது. 200 மீற்றர் ஓட்டத்தை 19.83 செக்கன்களில் ஓடி உலக சாதனையுடன் தங்கம் வென்றார் அமெரிக்காவின் ரொமி ஸ்மித். அவுஸ்திரேலியரான பீற்றர் நோர்மன் இரண்டாமிடம். அமெரிக்காவின் ஜோன் கார்லோஸ் மூன்றாமிடம். கறுப்பின மக்களின் வறுமையை உணர்த்துவதற்காக இரு அமெரிக்கர்களும் காலணியின்றிக் கறுப்புக் காலுறையுடன் மேடையேறினர். அடித்தும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்ட கறுப்பின மக்களின் நினைவாகக் கார்லோஸ் கழுத்தில் மணிமாலை அணிந்திருந்தார். அவர் தனது கையுறைகளை மறந்துவிட்டு வந்திருந்தார். இருந்த ஒரு சோடியை இருவரும் பகிர்ந்துகொள்ளலாமே என்று யோசனை கூறியவர் வெள்ளையரான நோர்மன். ஸ்மித் வலக்கையையும் கார்லோஸ் இடக்கையையும் உயர்த்தியமைக்கான காரணம் இதுவே. பின்னாளில் இதற்குப் பெரிய தத்துவ விளக்கங்கள் கொடுத்தவர்களும் உண்டு!

மூவரது மார்பிலும் ஒரே சின்னம் இருந்தது. சமூகவியலாளர் ஹரி எட்வேர்ட்ஸ் 1967இல் ஆரம்பித்த, மனித உரிமைகளுக்கான ஒலிம்பிக் திட்டம் என்ற இயக்கத்தின் சின்னம் அது. நிறவெறித் தென்னாபிரிக்காவையும் ரொடீசியாவையும் விழாவுக்கு அழைக்கக்கூடாது, முஹம்மத் அலியிடமிருந்து பறிக்கப்பட்ட பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவர் ஏவரி பிரண்டேஜ் பதவி விலக வேண்டும் என்பன அதன் கோரிக்கைகளுள் சில.

அமெரிக்க கீதம் ஒலித்துக்கொண்டிருக்கையில் தலை குனிந்து கை உயர்த்தி நின்ற இருவரும், மைதானத்தை விட்டு வெளியேறும்போது கூச்சலுக்கு ஆளாகினர். அவர்களை அனுப்பாவிட்டால் அமெரிக்க மெய்வல்லுநர் அணி முழுவதையுமே விலக்கப் போவதாக பிரண்டேஜ் தரப்பு மிரட்டியது. இரு நாட்களுக்குள் இருவரும் அணியிலிருந்து இடைநிறுத்தப்பட்டு, ஒலிம்பிக் கிராமத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். (பதக்கங்கள் பறிக்கப்பட்டதாக இன்றும் எழுதுகிறார்கள். அது தவறு. பதக்கங்கள் அவர்களிடமே இருந்தன.) 1936 பேர்லின் விழாவின்போது அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தவரும் இதே பிரண்டேஜ்தான். அங்கு நாஸி வணக்கத்துக்காக உயர்ந்த கைகள் அவருடைய கண்களை உறுத்தவில்லை. அது அந்தந்த நாட்டின் வணக்கமுறை என்பது அவர் தரப்பு நியாயம்.

எமது தொழிலைச் சேர்ந்தவர்களும் பின்நிற்கவில்லை. சிக்காகோ பத்திரிகையொன்றின் பத்தி எழுத்தாளர் பிரென்ற் மஸ்பேர்கர், இந்த இளைஞர்களை ஹிட்லரின் தாக்குதல் படையினருக்கு ஒப்பிட்டு எழுதினார். நாடு திரும்பியவர்களுக்குக் கொலை மிரட்டல்கள் காத்திருந்தன.

இனி இரண்டாவது காட்சி. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை வேரா சாஸ்லாவ்ஸ்கா, பிராக் வசந்த காலத்தில் வெளியான 'இரண்டாயிரம் சொற்கள்' என்ற சீர்திருத்தப் பிரகடனத்தில் ஒப்பமிட்டவர். 1968 ஓகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் நாட்டினுள் புகுந்தபோது அவர் மலைப்பிரதேசமொன்றில் தலைமறைவானார். மரக்கிளைகளில் ஊஞ்சலாடியும் உருளைக்கிழங்கு மூட்டைகளைச் சுமந்தும் அவர் பயிற்சி செய்த கதை பிரசித்தமானது. அங்கிருந்து மெக்சிக்கோ வந்து நான்கு தங்கமும் இரண்டு வெள்ளியும் வென்றார்.

ஒக்டோபர் 25ஆம் திகதி சமநிலைச் சட்டப் போட்டியில் தங்கம் சோவியத் வீராங்கனை நட்டாலியா குச்சின்ஸ்காயாவுக்குச் சென்றது. தரைப் பயிற்சியிலோ, சோவியத்தின் லரிசா பெட்ரிக்கின் புள்ளிகள் பின்னர் உயர்த்தப்பட்டதால், தங்கத்தைப் பங்கிட வேண்டியதாயிற்று. இரு தடவையும் சோவியத் கீதம் ஒலித்தபோது சாஸ்லாவ்ஸ்கா தலையைக் கவிழ்த்து வலப்புறம் திருப்பிக் கொண்டார். மெக்சிக்கோ இசைக்கு ஆடிய அவரை அரங்கு கொண்டாடியது. ஒலிம்பிக் குழு அவர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை. அவருக்கான தண்டனை தாயகத்தில் காத்திருந்தது. கையொப்பத்தை வாபஸ் பெற மறுத்தமையால் பல வருடங்கள் விளையாட்டுத் துறையிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டார். 1989இல் ஆட்சி வீழ்ந்த பிறகே ஜனாதிபதி ஹாவெலின் ஆலோசகராகவும் ஒலிம்பிக் குழுத் தலைவராகவும் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தார்.

கவிழ்ந்த தலை ஒன்றுதான். ஒருவர் தமது நாட்டின் கீதத்துக்கு முன்னால் கவிழ்ந்தார், மற்றவர் தம் நாட்டை ஆக்கிரமித்த வல்லரசின் கீதத்துக்கு முன்னால் கவிழ்ந்தார். முதலாவது துரோகம், இரண்டாவது துணிவு என்பதே அன்றைய மேற்குலகின் தீர்ப்பு. மாஸ்கோவின் தீர்ப்பு இதற்கு நேர்மாறாகவே இருந்திருக்கும். விளையாட்டில் அரசியல் கலக்கக்கூடாது என்று உபதேசிப்பவர்கள், வெற்றி மேடையில் கொடி ஏற்றிக் கீதம் இசைப்பதை அரசியலாகக் கருதுவதேயில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

சாஸ்லாவ்ஸ்கா 2016 ஓகஸ்ட் 30ஆம் திகதி காலமானார். அதற்கு நான்கு நாட்களுக்கு முன்னர், கொலின் கெப்பர்னிக் என்ற அமெரிக்க கால்பந்து வீரர் கீதம் இசைக்கப்படும்போது எழுந்திராமல் அமர்ந்திருந்தமை செய்தியாகியிருந்தது. கறுப்பின மக்கள்மீதான பொலிஸ் வன்முறைக்கு எதிர்ப்பு அது. இராணுவத்தில் பணியாற்றிய நேற் போயர் என்ற வீரர் அவருடன் பேசிய பின்னர், அமர்வதைவிட முழந்தாளிடுவதே மரியாதையானது என்று இருவரும் முடிவு செய்தனர். செப்டெம்பர் முதலாம் திகதி முதல் அவர் முழந்தாளிட்டார். அவமதிப்பைக் குறைப்பதற்காகத் தெரிவு செய்யப்பட்ட தோற்றமே மாபெரும் அவமதிப்பாகச் சித்திரிக்கப்பட்டது. ரசிகர்கள் சிலர் அவருடைய அங்கியை எரித்தனர். அந்த மாதம் அதிகம் விற்பனையானதும் அதே அங்கிதான். 2017 செப்டெம்பரில் ஜனாதிபதி ட்ரம்ப் அலபாமாவில் பேசுகையில் இத்தகையோரை வேலையிலிருந்து துரத்துமாறு கூறினார். அதற்குள் கெப்பர்னிக்குக்கு வேலையே இருக்கவில்லை. அவ்வருட ஆரம்பத்தில் தமது அணியிலிருந்து விலகிய அவரை வேறெந்த அணியும் ஒப்பந்தம் செய்யவில்லை.

ஐந்து வருடங்கள் கழித்து, 2022 நவம்பரில், கட்டாரில் நடந்த உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டியில் இங்கிலாந்துக்கு எதிராகக் களமிறங்கிய ஈரான் வீரர்கள் தமது கீதத்தைப் பாடாமல் நின்றனர். மேற்கு ஊடகங்கள் அதைத் துணிச்சலெனப் போற்றின. நான்கு நாட்களில், வேல்ஸ் அணிக்கெதிரான ஆட்டத்தில், அவர்களுடைய உதடுகள் அசைந்தன. சொந்த ரசிகர்களே கூச்சலிட்டனர்.

கௌரவங்கள் தாமதமாகவே வருகின்றன. ஸ்மித், கார்லோஸ் இருவருக்கும் 2005இல் சான் ஹோசே பல்கலைக்கழகத்தில் சிலை எழுந்தது. அதில் நோர்மனின் இடம் வெறுமையாக உள்ளது. பார்க்க வருபவர்கள் ஏறி நிற்கட்டும் என்பது அவருடைய விருப்பம். தகுதி நேரத்தைப் பல தடவைகள் எட்டியிருந்தும் 1972 மியூனிக் விழாவுக்கு அவர் அனுப்பப்படவில்லை. தேர்வுப் போட்டியில் மூன்றாமிடமே பெற்றார், பழிவாங்கல் எதுவுமில்லை என்பது அவுஸ்திரேலிய ஒலிம்பிக் குழுவின் நிலைப்பாடு. ஆனால் மெக்சிக்கோவில் அவர் ஓடிய 20.06 செக்கன் என்ற தேசிய சாதனை 2024 டிசம்பர் வரை முறியடிக்கப்படவில்லை! 2006இல் அவர் மறைந்தபோது பிரேதப் பெட்டியைச் சுமந்தவர்களில் ஸ்மித்தும் கார்லோஸும் இருந்தனர். அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் மன்னிப்புக் கோரியது 2012இல்.

2021இல் ஒலிம்பிக் விதிகள் சற்றுத் தளர்த்தப்பட்டு, போட்டி ஆரம்பமாவதற்கு முன்னர் கருத்தை வெளிப்படுத்த வீரர்களுக்கு இடமளிக்கப்பட்டது. வெற்றி மேடைக்கு அந்தச் சலுகை இல்லை.

நோர்மன் போகாத அந்த மியூனிக் விழாவில்தான் 400 மீற்றரில் தங்கமும் வெள்ளியும் வென்ற வின்சென்ட் மத்தியூஸ், வெய்ன் கொலெற் ஆகிய இரு கறுப்பின அமெரிக்கர்கள், கீதம் ஒலிக்கையில் விறைப்பாக நிற்காமல் தமக்குள் பேசிக்கொண்டு நின்ற குற்றத்துக்காக ஆயுட்காலத் தடைக்குள்ளாகினர். தொடரோட்டத்துக்கு ஆளின்றி அமெரிக்கா போட்டியிலிருந்தே விலக நேர்ந்தது. அந்தத் தடையை ஒலிம்பிக் குழு 2022 டிசம்பரில் நீக்கியது. கொலெற் இறந்து அப்போது பன்னிரண்டு வருடங்களாகியிருந்தன.