சம்மதம் என்னும் சொல்

தோட்டக் கிராணி வேலையில் நாம் ஓயாது எழுதும் சொல் ஒன்றுண்டு, அதுவே ‘சம்மதம்’. ‘படித்தறிந்து சம்மதிக்கிறேன்’ என்ற வரியின் கீழ்க் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கியதும் அடுத்த தாளைப் புரட்டுகிறோம்.

இருவர் கருத்து ஒன்றுபடுதலே சம்மதம். இதனையே தமிழில் இசைவு என்பர். ஒரே பொருளை ஒரே கருத்தில் இருவர் ஏற்பதே சம்மதமென 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் விதித்தது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே கூறும். வற்புறுத்தலும் வஞ்சகமும் கலந்த சம்மதம் சுயேச்சையான சம்மதமன்று.

நிற்க. நம் முன்னோர் அளித்த சம்மதம் எத்தகையது? 1910 வரை மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்த்தனர். கைநாட்டு வைத்தவன் வேலையை விட்டு ஓடினால் சிறை புகுவான். பின்னர்க் கங்காணி முறையே ஓங்கிற்று. 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி கப்பற் கட்டணத்தைச் செலுத்தியது. கூலியாள் ஒரு மாத முன்னறிவிப்புடன் விலகலாமென்று விதியும் இருந்தது. ஆயின், அழைத்து வந்த கங்காணி ஊரான் அல்லது உறவினன். தலைக்கு இவ்வளவென்று தரகு பெற்றவன். அவனை மீறி, கடல் கடந்த நாட்டில் எங்குச் செல்வது?

கங்காணியின்றி ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களுக்குத் தாமே வந்தோரை அதிகாரிகள் ‘தன்னிச்சையாக வந்தோர்’ என்று பதிந்தனர். அது அவர்தம் இச்சையா, பஞ்சத்தின் இச்சையா? எனினும் அனைவரையும் ஏமாந்தவர் எனல் தகாது. பண்ணையடிமையையும் சாதிக் கொடுமையையும் உதறிக் கப்பலேறியவனின் துணிவு மெய்யான துணிவே. ஒரே பேரேட்டில் பசியும் துணிவும் ஒரே சொல்லால் எழுதப்பட்டன, பிழை ஆங்கேதான்.

1929இல் கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தும் கங்காணி முறை நீடித்தது. 1938இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்ற கூலியாட்களின் குடியேற்றத்தைத் தடுத்த பின்னரே அது ஒழிந்தது.

இன்று இம்மலையில் கொழுந்தெடுப்போருள் வங்காள தேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் மிகுந்துள்ளனர். சென்ற மாதம் ஓர் இளைஞன், தன் மொழியில் இல்லாத தாளைக் கையில் வைத்துக்கொண்டு நம்மை நோக்கினான். நாம் கைநாட்டு வைக்கும் இடத்தைக் காட்டினோம். எழுதியிருந்ததன் பொருளைக் காட்டினோமில்லை. அன்று நம் பாட்டனாருக்கு இடத்தை மட்டும் காட்டிய கிராணியை நாம் எவ்வாறு நோவது?

அடுத்த தாளைப் புரட்டுமுன், தெரிந்தவனொருவனைக் கொண்டு அதனை அவன் மொழியில் வாசிப்பிப்போம். கால் மணி நேரமே செல்லும். அதன் பின் அவன் இசைந்தால், அதுவே சம்மதம்.